ஞானத்தகப்பன் யார்?

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை பொழுது வெளிக்கிறபோதே ஜெயமலர் எழுபது கட்லட் உருட்டிவிட்டாள். இன்னும் ஐம்பது கிடந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தலைப்பிள்ளை, ஆறு மாதக்காரி, பெயர் சுகிர்தா. கொலோனில் அவர்கள் குடியிருந்த இரண்டறை வீட்டுக்கு இப்படி ஒரு கொண்டாட்டம் இதற்கு முன் வந்ததில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து அண்ணன் இராயப்பு வருகிறார். ஹைம் என்கிற அகதி விடுதியில் இருப்பவர் ஊர் தாண்டுவதற்கு ஒரு கடுதாசி வேண்டும். அதற்காக இரண்டு கிழமை அலைந்து வாங்கியிருந்தார். கணவன் பேனாட் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோக இரவல் கதிரைகளைப் படியால் இறக்கியபடி பாட்டுப் பாடினான். அவன் பாடி அவள் கேட்டுக் கனகாலம்.

அவளுக்கு மட்டும் பாட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் எவாரிஸ்தோ சொல்லிவிட்டுப் போனது நெஞ்சுக்குள் நின்றது.

எவாரிஸ்தோ சிலி நாட்டுக்காரன். நாற்பது வயது. பேனாட் வேலை செய்யும் பேக்கரியில் மாக் குழைக்கிற பகுதிக்கு அவன்தான் பொறுப்பு. ஊரில் இராணுவ ஆட்சி வந்தபோது பிடித்து அடைத்தார்கள். வெளியே வந்ததும் எழுபத்தைந்தில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவன். பேனாட் முதல் நாள் வேலைக்குப் போனபோது, பேனாட்டின் கழுத்தில் கிடந்த உத்தரியத்தை, மாதாவின் அந்தத் துணிப்பட்டியைக் கண்டுவிட்டு, சேட்டுப் பொத்தானைக் கழற்றித் தன் கழுத்தில் கிடந்ததைக் காட்டிச் சிரித்தவன். சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது.

இந்தத் தை மாதம், தெருவெல்லாம் உறைந்து கிடந்த ஒரு காலையில் ஜெயமலருக்கு வலி எடுத்தது. பேனாட் அப்போது அண்ணனைப் பார்க்க ஸ்டுட்கார்ட்டுக்குப் போயிருந்தான். பேக்கரி வானில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் எவாரிஸ்தோ. வழி முழுவதும் அவன் தன் பாசையில் செபமாலை சொன்னான், அவள் தமிழில் சொன்னாள். பிள்ளை பிறந்ததும் தாதி முதலில் கொடுத்தது அவன் கையில்தான். ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தாங்கி நிற்கிற ஞானத்தகப்பன் இவர்தான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே அவள் முடிவு செய்தாள்.

அந்த எவாரிஸ்தோ வெள்ளிக்கிழமை ஞானஸ்நான மெழுகுதிரியோடு வந்து, குசினி மேசையடியில் இருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு டொச்சில், அதாவது ஜேர்மன் பாசையில், மெல்லச் சொன்னான்.

"நெஸ்தோர் என் சித்தப்பா மகன் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஒன்பது வருடமாக நாங்கள் ஒன்றாக வாழ்கிறோம். கடவுளுக்கு முன்னால் உங்கள் பிள்ளையைத் தூக்கும்போது அந்தப் பொய் என்னோடு நிற்கக் கூடாது."

பங்குப் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொல்லிவிட்டதாகவும், தாய் தகப்பனுக்குச் சொல், அவர்கள் சம்மதித்தால் நான் தண்ணீர் ஊற்றுவேன் என்று பாதர் சொன்னதாகவும் சொன்னான். மூன்று மணிக்குக் கோயிலில் நிற்பேன், வேண்டாம் என்றால் முன்னமே சொல்லி அனுப்புங்கள், கோபிக்க மாட்டேன் என்றான். ஜெயமலர் அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

இரண்டு நாளாக அதைக் கணவனுக்குச் சொல்லவில்லை. இனி நேரமில்லை.

"இஞ்சேரப்பா, கதிரையை வைச்சிட்டு ஒருக்கா வாங்கோ."

பேனாட் சிரித்தபடியே வந்தான். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் சொல் கிடைக்கவில்லை. அந்த விசயத்துக்கு அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் எல்லாம் சண்டையில் எறிகிற சொற்கள். அதில் ஒன்றையும் எவாரிஸ்தோவின் பெயருக்குப் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை. கடைசியில், நாங்கள் இரண்டு பேரும் இருக்கிற மாதிரித்தான் அவையளும் இருக்கினம் என்றாள்.

பேனாட்டுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கதிரையைத் தேடி இருந்தான். கத்தப்போகிறான் என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கத்தவில்லை.

"உமக்கு எப்ப சொன்னவர்?"

"வெள்ளிக்கிழமை."

"ஒண்டரை வரியமா அவருக்குப் பக்கத்தில நிண்டு மாக் குழைக்கிறன். எனக்குச் சொல்லேல்லை. உமக்குச் சொல்லியிருக்கிறார்."

அவனுக்கு நொந்தது அதுதான் என்று கண்டு அவள் வியந்துபோனாள். அதற்குப் பிறகுதான் மற்றவை வந்தன. வாறவர்களுக்கு என்ன சொல்வது? பத்திரிகையெல்லாம் எழுதுகிற அந்த எயிட்ஸ் வருத்தம் பிள்ளைக்குத் தொற்றுமா? நாளைக்கு இவள் வளர்ந்து கேட்டால் என்ன சொல்வது? கேட்டுக்கொண்டே போனான்.

"அப்ப சுவாமியாருக்கு இது தெரியுமோ?"

இரண்டு பேரும் திரும்பினார்கள். கதிரை இறக்குவதற்காகத் திறந்து வைத்த வாசற்கதவில் இராயப்பு நின்றார். கையில் பயணப் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகம் வெளிறியிருந்தது.

அவர் உள்ளே வந்து இருந்தார். தேத்தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. பாதருக்குத் தெரியும் என்று ஜெயமலர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கள் ஊரில் தலைப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஞானத்தகப்பனாக நிற்பதுதான் முறை, அதை விட்டுப் பாசை தெரியாத ஒருவனைத் தேடியதால் வந்த வினை இது என்றார். தானே நிற்பதாகச் சொல்லிப் பையைத் திறந்து ஒரு கழுத்துப்பட்டியை எடுத்தார். அதை முன்னமே கொண்டுவந்திருக்கிறார் என்று கண்டபோது ஜெயமலருக்கு அண்ணனில் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பேனாட் சப்பாத்தைப் போட்டான்.

"எங்க போறியள்?"

"அவரைப் பார்த்திட்டு வாறன்."

"என்ன சொல்லப் போறியள்?"

"தெரியேல்லை, மலர். முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்."

எவாரிஸ்தோவின் வீடு ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ட்ராம் பாலத்தில் ஏறியபோதுதான் பேனாட்டுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாள் சிநேகிதத்தில் எவாரிஸ்தோதான் தங்கள் வீட்டுக்கு வருவான். பாண் கொண்டு வருவான், பிள்ளையைத் தூக்குவான், போவான். தன் வீட்டுக்கு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. விலாசம்கூட வேலை இடத்து அட்டையில் பார்த்து எழுதியதுதான்.

கதவைத் திறந்தது நெஸ்தோர். மெலிந்த மனிதன், தடித்த கண்ணாடி, அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். பேனாட் அவனைக் கண்டிருக்கிறான், ஆனால் எப்போதும் கோயிலுக்கு வெளியே. ஞாயிறுகளில் எவாரிஸ்தோவோடு வாசல்வரை வருவான். பூசை முடியும்வரை சிகரெட் பிடித்துக்கொண்டு மதிலடியில் நிற்பான். எவாரிஸ்தோ உள்ளே போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருப்பான். சற்பிரசாத அப்பம் வாங்க எழும்பமாட்டான். ஏன் என்று பேனாட் கேட்டதில்லை.

எவாரிஸ்தோ வீட்டில் இல்லை. இன்று சிலி, பெரு, பொலிவியாச் சனங்கள் உத்தரிய மாதாவின் திருநாளைக் கொண்டாடுகிறார்கள், ஞானஸ்நானம் நடக்கிற அதே கோயிலில் ஒரு மணிக்குச் சுற்றுப்பிரகாரம், எவாரிஸ்தோ மாதா சிலை வைத்த சுருவக் கூடு தூக்கப் போய்விட்டான் என்றான் நெஸ்தோர். ஒரு சுவரில் மாதா படமும் விளக்கும் இருந்தன. எதிர்ச் சுவரில் தொழிற்சங்கச் சுவரொட்டி. மேசையில் மடித்த வெள்ளைச் சேட்டு ஒன்று.

"இது பிள்ளையின் விழாவுக்கு. காலையில் மூன்று தரம் ஸ்திரி போட்டான்" என்றான் நெஸ்தோர். "வர வேண்டாம் என்று சொல்லவா வந்தாய்?"

"தெரியாது."

"அப்படிச் சொல்வதாக இருந்தால் என்னிடம் சொல். நான் அவனுக்குச் சொல்கிறேன். அங்கே சனத்துக்கு முன்னால் சொல்லாதே."

பேனாட் கதிரை நுனியில் இருந்தான். நெஸ்தோர் கோபத்தோடுதான் கதைத்தான். கோபம் தன்னில் இல்லை என்பது போகப்போக பேனாட்டுக்கு விளங்கியது. எவாரிஸ்தோ இளவயதில் குருமடத்தில் இரண்டு வருடம் படித்தவன். தன் மனதில் இருந்ததைத் தன் ஆன்ம குருவிடம் ஒளிக்காமல் சொன்னான். அடுத்த நாள் காலை அவன் பெட்டி வெளி வாசலில் கிடந்தது. அதற்குப் பிறகும் அவன் கோயிலை விடவில்லை.

நெஸ்தோருடைய கதை வேறு. எழுபத்துநான்கில் சிலியில் சிறையில் இருந்தபோது, அடிபட்டுக் கிடந்த ஒரு நாளில் சிறைக்கோயில் குருவானவர் வந்தார். நெஸ்தோர் எப்படிப்பட்டவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். காவலர் உனக்குச் செய்வதைவிட நீ செய்வது பெரிய பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு நெஸ்தோருக்குக் கோயில் வேண்டாம் என்றாகிவிட்டது.

"ஒன்பது வருடமாக நான் அவனிடம் கேட்கிறேன். உன்னை வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு ஏன் போகிறாய்? அவர்கள்தான் வேண்டாம் என்றார்கள், கடவுள் சொல்லவில்லையே என்கிறான். பிறகு உன் மனைவி பிள்ளையைத் தூக்கச் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதான். அவனை அவ்வளவு சந்தோசமாக நான் கண்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது."

பேனாட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வருத்தத்தைப் பற்றிக் கேட்டான். கேட்கும்போதே வெட்கப்பட்டான். நெஸ்தோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பங்குனியில் இரண்டு பேரும் இரத்தம் கொடுத்துச் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை, இருந்திருந்தாலும் பிள்ளையைத் தூக்குவதால் தொற்றாது, எந்த டொக்டரிடமும் கேட்டுப் பார் என்றான்.

பேனாட் எழும்பி, மேசையில் கிடந்த வெள்ளைச் சேட்டை எடுத்து நெஸ்தோரிடம் கொடுத்தான்.

"சேட்டைக் கொண்டு வாரும். போவம்."

கோயில் தெருவில் கிட்டார் சத்தம் தூரத்திலேயே கேட்டது. ஆடி வெயில் சுட்டது. பெண்கள் பூப்போட்ட சால்வைகளோடு பாடிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு ஜேர்மன்காரர் யன்னலில் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் தோளில் கூடு. மேலே மண்ணிறமும் வெள்ளையும் உடுத்த மாதா. முன் தடியில் இடப்பக்கம் எவாரிஸ்தோ. வியர்த்து, முகம் சிவந்து, வாய் நிறையப் பாடிக்கொண்டு வந்தான்.

பேனாட்டைக் கண்டான். பக்கத்தில் நெஸ்தோரைக் கண்டான். பாட்டு நின்றது. கூட்டை விட்டு வர முடியாது. கண் மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

முன் தடியில் வலப்பக்கம் தூக்கிவந்த கிழவருக்கு மூச்சு வாங்கியது. பேனாட் போய் அவர் தோளைத் தொட்டான். கிழவர் நன்றியோடு விலகினார். பேனாட் குனிந்து தடியைத் தோளில் வாங்கினான். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பதினைந்து வயதில் மாதா கூடு தூக்கிய பிறகு இன்றைக்குத்தான்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

எவாரிஸ்தோ தெருவைப் பார்த்தபடி சொன்னான். "உன் மனைவி கோபித்தால் கதவைச் சாத்துவாள், நான் வீட்டுக்குப் போவேன். நீ கோபித்தால் அடுத்த நாளும் நான் உனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நீ ஒரு அடி தள்ளி நிற்பாய். அதைத் தாங்க எனக்குத் தைரியம் வரவில்லை."

பாட்டுச் சத்தம் அவர்களைச் சுற்றி ஏறியது. தோள் நொந்தது. ஒரு மூலையில் கூடு திரும்பியபோது அவன் பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்தது.

"உம்மட பக்கம் சரியுது. உயர்த்திப் பிடியும்" என்றான்.

எவாரிஸ்தோ உயர்த்தினான். இரண்டு தெரு சுற்றிக் கோயில் முற்றத்தில் கூட்டை இறக்கியபோது பேனாட் தோளைத் தடவிக்கொண்டு சொன்னான்.

"முகத்தைக் கழுவிப்போட்டுச் சேட்டை மாத்தும். இன்னும் அரை மணித்தியாலம்தான் இருக்கு."

எவாரிஸ்தோ அவனைக் கட்டிப்பிடித்தான். முற்றத்துச் சனம் திருநாள் சந்தோசம் என்று நினைத்துக் கைதட்டியது.

ஜெயமலர் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, கழுத்துப்பட்டி கட்டிய அண்ணனோடு முற்றத்துக்குள் வந்தது அந்த நேரத்தில்தான். கணவனின் தோளில் எவாரிஸ்தோவின் தலை இருந்தது. வண்டியைக் கிட்டத்தட்ட ஓட்டமாகவே தள்ளினாள்.

இராயப்பு ஓடவில்லை.

மூன்று மணிக்கு ஞானஸ்நானத் தொட்டியடியில் எல்லாரும் கூடினார்கள். தமிழ்ச் சனம் ஒரு பக்கம். திருநாள் முடிந்தும் போகாமல் நின்ற சிலிச் சனம் மறுபக்கம். பங்குப் பாதர் வின்ஃப்ரீட் ஒரு ஞானத்தகப்பன் போதும் என்று முன்னமே சொல்லியிருந்தார். இப்போது புத்தகத்தை விரித்து, யார் என்று கேட்டார்.

இராயப்பு ஒரு அடி முன்னுக்கு வந்தார்.

பாதர் அவரைப் பார்த்தார், பிறகு எவாரிஸ்தோவைப் பார்த்தார், கடைசியில் தாய் தகப்பனைப் பார்த்தார். பேனாட் ஜெயமலரைப் பார்த்தான். தன் முடிவைக் கூடு தூக்கிச் சொல்லிவிட்டவன் அவன். மிச்சம் அவளுடையது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, நீங்கள் தாய்மாமன். அதை ஒருத்தரும் உங்களிட்ட இருந்து எடுக்கேலாது. ஞானத்தகப்பன் இவர்தான். இவர் எங்களுக்கு ஒளிக்காமச் சொன்னவர்."

பிள்ளையை எவாரிஸ்தோவின் கையில் கொடுத்தாள்.

இராயப்பு, எவாரிஸ்தோ பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்த விதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, நடுவழியால் நடந்து வெளியே போனார். சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

பாதர் கேட்க வேண்டியதைக் கேட்டார். பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் தாய் தகப்பனுக்கு உதவி செய்வாயா என்று கேட்டபோது எவாரிஸ்தோவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. தண்ணீர் விழுந்ததும் சுகிர்தா வீரிட்டாள். சிலிப் பெண்கள் சிரித்தார்கள். தமிழ்ப் பெண்கள் "அச்சா, அச்சா" என்றார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் ஜெயமலர் ஏதோ நினைத்து வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நெஸ்தோர் வாசற்படியைத் தாண்டி உள்ளே நின்றான். ஒரு அடிதான் உள்ளே. தீர்த்தத் தொட்டியில் கை வைக்கவில்லை, முழங்காற்படியிடவில்லை. சிகரெட் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். எவாரிஸ்தோவும் கண்டுவிட்டான். அழுகிற பிள்ளையை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினான்.

கோயில் மண்டபத்து விருந்தில் இரண்டு குடும்பம் சாப்பிடாமல் போனது. மற்றவர்கள் இரண்டாந்தரமும் கட்லட் எடுத்தார்கள். கிட்டார்க்காரர் கேட்காமலே வாசிக்கத் தொடங்கினார்கள். பேனாட் எவாரிஸ்தோவைத் தன் ஆட்களிடம் ஒவ்வொருவராகக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தினான். நெஸ்தோரைக் கண்டதும் ஒரு கணம் தடுமாறி, "இவர் நெஸ்தோர், எவாரிஸ்தோ வீட்டு ஆள்" என்றான். தமிழில் அதற்குமேல் அவனுக்கும் சொல் கிடைக்கவில்லை.

ஜெயமலர் ஒரு பொட்டலத்தில் சாப்பாட்டைச் சுற்றிக்கொண்டு ட்ராம் தரிப்புக்கு ஓடினாள். இராயப்பு அங்கே வாங்கில் இருந்தார். கழுத்துப்பட்டி கையில் சுருட்டிக் கிடந்தது.

"அண்ணை, சாப்பிடாமப் போறியளே?"

ஏச்சு வாங்கத் தயாராகத்தான் அவள் வந்தாள். அவர் ஏசவில்லை.

"நீ அன்ரனை நினைக்கிறனியே, மலர்?"

அன்ரன் அவர்களுக்கு இளையவன். எண்பத்திரண்டில் கொழும்புக்கு வேலைக்குப் போனவன். எண்பத்து மூன்று ஆடியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கொழும்பில் எரிந்த வீடுகளோடு அவனும் போய்விட்டான் என்றுதான் வீடு நம்பியது. ஒவ்வொரு ஆடியிலும் அம்மா ஊர்க்கோயிலில் அவன் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறாள். இந்த வருடப் பூசை வருகிற வியாழக்கிழமை.

"நினைக்காத நாள் இல்லை. ஏன் இப்ப கேக்கிறியள்?"

"அவன் வேலைக்குப் போகேல்லை. நான் அடிச்சுக் கலைச்சனான். பாட்டுக்குழுவில ஆர்மோனியம் வாசிச்ச மாஸ்டரும் அவனும்... இவையளைப் போல." இராயப்பு கழுத்துப்பட்டியை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "கோயிலுக்குக் கூடாத காரியம், குடும்பம் நாறப்போகுது எண்டு நினைச்சன். பஸ்ஸில ஏத்தி, இனி இந்தப் பக்கம் வராதை எண்டு சொன்னனான். இண்டைக்கு அந்த மனுசன் பிள்ளையை வாங்கினதைப் பார்த்தன். அன்ரனும் பிள்ளையளை அப்படித்தான் தூக்குவான். என்னால அங்க நிக்க ஏலாமப் போச்சு."

ஜெயமலர் பொட்டலத்தை வாங்கில் வைத்தாள். அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. பாவம் என்று அணைக்க வேண்டும்போலவும் இருந்தது.

"அவனைச் சாகக் குடுத்திட்டு ஐந்து வரியமா இதை வாய்க்குள்ள வைச்சிருந்தியளே?"

"அவன் சாகேல்லை, மலர்."

உட்பையிலிருந்து ஓரம் கிழிந்த கடித உறையை எடுத்து நீட்டினார். பாரிஸ் முத்திரை. எண்பத்தைந்து பங்குனி. எழுத்தைக் கண்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். 'ன'வுக்கு வாலை நீட்டி இழுக்கிற அதே எழுத்து.

"அண்ணைக்கு, அன்ரன் எழுதுவது. நான் இருக்கிறன். அம்மாவுக்குச் சொல்லுறதும் விடுறதும் உங்கட விருப்பம்."

அவ்வளவுதான். கீழே விலாசமும் ஒரு தொலைபேசி இலக்கமும். இரண்டு வருடமாக இராயப்பு மறுமொழி எழுதவும் இல்லை, ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. எழுதினால் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு வழி தெரியவில்லை என்றார்.

ட்ராம் வந்து கதவு திறந்தது. ஜெயமலர் அண்ணனின் கையைப் பிடித்தாள்.

"ஏறாதேங்கோ. என்னோட வாங்கோ."

அவள் ஓடினாள். சேலைக்கரையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, கடிதத்தை மறுகையில் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் பந்தல் கழற்றியவர்களைத் தாண்டி ஓடினாள். மண்டப வாசலில் பேனாட்டைக் கண்டு, அன்ரன் இருக்கிறான் என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பின்னால் ஓடிவந்தான். பாதரிடம் பங்கு அலுவலகத் தொலைபேசியைக் கேட்டாள். பாதர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் எதற்கு என்று கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். விரல் பதறியதில் இலக்கம் இரண்டு தரம் பிழைத்தது. மூன்றாந்தரம் பேனாட் சுழற்றிக் கொடுத்தான்.

மணி அடித்தது. நீளமாக நாலு தரம் அடித்தது. இரண்டு வருடத்தில் வீடு மாறியிருக்கலாம், ஊரே மாறியிருக்கலாம் என்று அவள் மனம் எண்ணத் தொடங்கியபோது யாரோ எடுத்தார்கள். ஆண் குரல். பிரெஞ்சில் ஏதோ சொன்னது. அன்ரனுடைய குரல் இல்லை.

அவளுக்குத் தெரிந்த பாசையில்தான் அவளால் கதைக்க முடிந்தது.

"நான் ஜெயமலர் கதைக்கிறன். அன்ரனின்ர அக்கா."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. வைத்துவிட்டார்களோ என்று நினைத்தாள். பிறகு அந்தக் குரல் தொலைபேசியை விட்டுத் தள்ளி, நல்ல யாழ்ப்பாணத் தமிழில் வீடு அதிரக் கூப்பிட்டது.

"அன்ரன், ஓடி வா. உன்ர அக்கா."

பாரிசில் எங்கோ ஒரு மரப்படியால் யாரோ தடதடவென்று இறங்கிவரும் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது. அலுவலக வாசலில் இராயப்பு வந்து நின்றார். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயமலர் தொலைபேசியை இறுக்கிப் பிடித்தபடி, மற்றக் கையை அவர் பக்கம் நீட்டினாள்.